அரைப்பேர்

மஸ்கெலியா டவுனில், போட்டோ கொப்பி கடையின் மேல்மாடியில்
இரவு பத்துக்குப் பிறகு டேட்டா மலிவு.
யாரோ எழுதி, யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத
ஒரு கேம் எஞ்சினைப் பிரித்துப் போட்டு
அப்போதுதான் உட்காருவேன்.
லெப்டொப் எனக்கு மூன்றாம் கையாக வந்தது.
அதன் விசிறி சுற்றத் தொடங்கினால்
கீழேயிருந்து ஜெஸிந்தா கேட்பாள்:
"இந்நேரத்துல என்ன மா அரைக்கிற?"

பிழை இதுதான்.
மலை உச்சியில் நின்று கீழே பார்த்தால்
சரிவிலிருக்கும் வீடு காணாமல் போகிறது.
ஓரடி முன்னால் வைத்தால் வருகிறது,
பின்னால் வைத்தால் போகிறது,
கூரைத் தகரமும் கொடியில் காயும் சட்டையும் சேர்த்து.
சமதரையில் சோதித்தவர்களுக்கு
ஒருநாளும் இப்படி நடந்ததில்லை.

எஞ்சினின் சட்டத்தில் தப்பில்லை:
கண்ணில் படாததை வரையாதே.
படாதது எது என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் கோளாறு.
வாசிக்கும்போது கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.
எங்கள் லயத்துக்கு விலாசம் இல்லை.
கடிதம் வந்தால் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடக்கும்.
மவுசாக்கலையில் தண்ணீர் வற்றினால்
பழைய டவுனின் கோயில் தலை காட்டுகிறது;
நிரம்பினால் அது இல்லை என்று
யாராவது சொல்வார்களா?

முதல் நாள் முரட்டு வழி:
எல்லாவற்றையும் வரை என்று எழுதினேன்.
வீடு அசையாமல் நின்றது.
ஆனால் ஒரு காட்சிக்குக் கிடைப்பது பதினாறு மில்லிசெக்கன்,
என் காட்சி எடுத்தது முப்பத்தொன்று.
பிந்தி வருவதற்காகத் திரை காத்திருப்பதில்லை.
தேயிலைத் தோட்டம் விக்கி விக்கி நகர்ந்தது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல.
அக்காவுக்குப் பதினெட்டுக் கிலோ.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று கழித்த பிறகு
பதினாறரை வந்தால் அரைப்பேர்.
காலையிலிருந்து மலையில் நின்றது முழு ஆள்தான்.

ஆகவே நேரத்தை நிறுக்கத் தொடங்கினேன்,
ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தராசு வைத்து.
நாற்பதாயிரம் தேயிலைச் செடிகளும்
தங்கள் தூரத்தைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தன,
காட்சிக்குக் காட்சி, நாற்பதாயிரம் வர்க்கமூலம்.
கங்காணிகூட அப்படி எண்ண மாட்டான்.
நிரைக்கு ஒரு தடவை கேட்டால் போதும் என்று மாற்றினேன்.

ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது.
பற்றரியில் ஒன்பது நிமிசம்.
அந்த ஒன்பதுக்குள்தான் கண்ணில் பட்டது:
நிலத்தின் அடி எப்போதும் பூச்சியம் என்று
ஒருவர் நம்பியிருக்கிறார்.
தன் காலடிக்குக் கீழே
வீடுகள் இருக்கும் என்று நினைக்கவில்லை.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அவர் ஊர் தட்டை.

ஒரு வரியை அழித்தேன், இரண்டு வரி எழுதினேன்.
சேமி என்பதை அழுத்தியதும் திரை இருண்டது.

விடிந்து பார்த்தால் பதினான்கு மில்லிசெக்கன்.
உச்சியிலிருந்து பார்த்தேன், ஓரமாக நின்று பார்த்தேன்,
பின்னால் நடந்துகொண்டே பார்த்தேன்.
வீடு இருந்தது.
சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

என் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள்.
அடுத்த பதிப்பின் கடைசியில் உழைத்தவர்களின் பெயர்கள்
கீழிருந்து மேலே ஊர்ந்தன.
தமிழிலேயே கொடுத்திருந்தேன்: கோசலை.
'க' தனியாக நின்றது.
அதன் கொம்பு ஒரு வெற்று வட்டத்தைக் குத்திக்கொண்டிருந்தது.
கால் கழன்று 'ச'வின் மேல் சாய்ந்திருந்தது.
கடைசி எழுத்துக்குப் பதிலாக ஒரு பெட்டி.

அக்காவுக்கு போன் எடுத்தேன்.
"எனக்கும் அரைப்பேருதான் போட்டிருக்காங்க."
"ஏன்டி," என்றாள், காற்று இரையும் மலையிலிருந்து,
"ஈரத்துக்குக் கழிச்சிட்டாங்களா?"

இரவு எழுத்துகளைக் கோக்கும் கோப்பைத் திறந்தேன்.
முதல் வரியிலேயே ஒரு குறிப்பு:
ஓர் எழுத்துக்கு ஓர் உருவம்.
மணி பத்தேகால்.
விசிறி சுற்றத் தொடங்கியது.